ஏழு பேர் போதுமாமே, மாப்பிள்ளை

தாராவி, மும்பை

அன்புள்ள மாப்பிள்ளை செல்வத்துக்கு, அத்தான் தளவாய் எழுதுவது. இங்கே உம் அக்கா முத்துமாரியும் பிள்ளைகளும் சுகம். அங்கே மெல்போர்னில் நீரும் தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் கோபம்.

மூட்டு வலிக்கு நீர் அங்கே தின்ற அதே மாத்திரையைத்தான் நானும் இங்கே தின்றேன். உமக்கும் வாசம் தெரியாமல் மூக்கு செத்தது, எனக்கும் செத்தது. உம் ஊரில் ஏழு பேருக்கு ஒரே குறை இருந்தால் கூட்டு வழக்குப் போட்டுவிடலாம், முன்கூட்டி யார் அனுமதியும் வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காத அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தாலும் அதில் சேர்ந்தவர்கள்தான் என்று வாட்ஸப்பில் பெருமையடித்தீரே, அதைக் கேட்டுத்தான் நான் கெட்டேன்.

அதே மாத்திரையைத் தின்ற நாங்களும் கூடினோம். தையல்காரன் நான், எதிர்வீட்டில் இட்லி போட்டு விற்கும் பூமாரி, தோல் பை தைக்கும் முகம்மது ஹனீப், இன்னும் சிலர். பூமாரி சாம்பார் ஊசிப்போனது தெரியாமல் ஊற்றி, பாதி வாடிக்கையை இழந்தவள். என் வீட்டில் கேஸ் கசிந்து பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சிலிண்டரை மூடினார். நான் அதன் அருகிலேயே உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

செம்பூரில் வக்கீலம்மா விஜயலட்சுமியிடம் போனோம். கனடாவில் எல்லாருக்கும் பொதுவான கேள்வி உண்டா என்று நீதிபதி முதலில் பார்ப்பாராம். அமெரிக்காவில் மருந்து வழக்கென்றால் ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்களாம். இங்கிலாந்தில் அவரவர் பெயரை அவரவரே பதிய வேண்டுமாம். நம் ஊரில் நுகர்வோர் ஆணையத்தில் எல்லாருக்கும் ஒரே குறை என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதனால் அங்கே யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்றார்.

திறந்தோம், மாப்பிள்ளை. ஆணையத்தின் தலைவரம்மா என்ன பாதிப்பு என்று கேட்டதும், எனக்கு எந்த வாசமும் தெரியாது என்றேன். ஹனீப் எதை மோந்தாலும் புகை நாற்றம் என்றார். பூமாரி, தேங்காயெண்ணெய் மண்ணெண்ணெய் மாதிரி நாறுது என்றாள். அதோடு விட்டாளா? "ஒண்ணுமே தெரியாத இவுகளுக்கு என்னம்மா கஷ்டம்? நாத்தத்தோட குடும்பம் நடத்துறவ நாந்தான" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "செத்துப் பொழச்சவன் நானு, ஒனக்கு என்ன போச்சு, சாம்பாருதான" என்று கத்தினேன். ஹனீப் எங்கள் இரண்டு பேரையும் ஏசினார். கம்பெனி வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே, "தேகியே மேடம், சப்கா அலக் அலக் ஹை" என்றான். எல்லாருக்கும் வேறே வேறேயாம். அனுமதி போயிற்று. இனி ஆளுக்கொரு வழக்காம்.

பேன்ட் தைப்பதென்றால் ஆளுக்கு ஆள் அளவெடுப்பவன் நான். இந்தக் கம்பெனிக்காரன் எங்களை அளவெடுத்தா மாத்திரை செய்தான்? விற்கும்போது நாங்கள் எல்லாரும் ஒன்று, கேள்வி கேட்டால் மட்டும் வேறு வேறா? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. பூமாரியிடம் சொன்னேன். "இத அங்கன சொல்லாம என்னய ஏசிக்கிட்டு நின்னீகளே அண்ணாச்சி" என்று அழுதாள்.

அந்தக் கம்பெனிக்காரனை நான் விடப்போவதில்லை. தனியாகவே போடுவேன். அவன் மாத்திரை இனி ஒரு வீட்டிலும் நுழையக் கூடாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும் அத்தான்,
தளவாய்

பி.கு: வழக்குப் போட்டவன் என்று இங்கே மெடிக்கலில் அந்த மாத்திரையை எனக்குத் தர மறுக்கிறான். உம் வீட்டில் மிச்சம் இருந்தால் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும். மூக்குதான் ஏற்கெனவே போய்விட்டதே. மூட்டு வலிக்கு அதைப் போல வேறெந்த மருந்தும் கேட்கவில்லை.