ரௌட்டரில் தொங்கிய பதினொன்று

எங்கள் வீட்டு வைஃபையை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு நிய்யத்து வைத்தேன். பின்னே என்ன? கிரிக்கட் பார்த்தால் பந்து போடுகிறவன் ஓடி வருவான், அந்தரத்தில் நிற்பான். நான் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் நிற்பான்.

ரௌட்டரை அலுமாரிக்கு மேல் வைத்தேன். ஜன்னலில் வைத்தேன். அரிசி வாளி மூடியிலும் வைத்தேன். சிக்னல் நாலு கோடும் நிமிர்ந்து நின்றது. படம் மட்டும் நகரவில்லை. ஏன்? மண்டையைக் குடைந்தது. யார் யார் பாவிக்கிறார்கள் என்று ரௌட்டருக்குள் எட்டிப் பார்க்கலாமாம். பார்த்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு போன். உள்ளே தொங்கியது பதினொன்று!

மனைவியைக் கூப்பிட்டேன்.

"ரம்ஸியா! பாஸ்வேர்ட ஆருக்குக் குடுத்த?"

"பக்கத்து வீட்டு மபாஸா தாத்தாக்கு. பின்வளவு தோமஸ் அண்ணனுக்கும்." (தாத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா.)

"ஏன்?"

"நண்டுக் கறி அனுப்பினாங்க. பீங்கான வெறுமையாவா திருப்பிக் குடுக்கிற? அண்டைக்கு வீட்டில வேற ஒண்டும் இருக்கல்ல."

"அதுக்கு என்ட வைஃபையா?"

"நண்ட திண்டது நீங்கதானே?"

தின்றது நான்தான். ஆனாலும் அப்போதே பாஸ்வேர்டை மாற்றி, அவள் போனிலும் நானே அடித்துக் கொடுத்தேன்.

"பாத்தியா, எப்பிடிப் பறக்குது!"

"ஓம், ஓம்."

பந்து போடுகிறவன் இடைக்கிடை நின்றான்தான். ஆள் யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பகல் சோற்றுக்குப் பருப்பு. மறுநாளும் பருப்பு. பக்கத்து வீட்டுக் கறி கண்ணிலேயே படவில்லை. மூன்றாம் நாள் பருப்பிலும் தண்ணீர்தான் கூட. வேலிக்கு அப்பாலிருந்து இறால் பொரிக்கிற வாசம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புது பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி நீட்டினேன்.

"இந்தா. ரெண்டு வீட்டுக்கும் குடு."

அவள் கடதாசியைப் பார்க்கவேயில்லை.

"அவங்களுக்கு அண்டைக்கே தெரியும். நீங்க ஒவ்வொரு எழுத்தாக் கத்திக் கத்தித்தானே அடிச்சீங்க. தோமஸ் அண்ணன் வேலிக்கு அங்கால நிண்டே எழுதிட்டார்."

"அப்ப கறி?"

"வந்திச்சு. நீங்க வேகம் பாத்துக்கிட்டு இருந்தீங்க, நான் குசினியில அடுப்போரமா இருந்து திண்டன்."

"அப்ப மூணு நாளா வைஃபை பறந்ததே?"

"பசி மயக்கத்தில எல்லாம் பறக்கும்தான்."