இன்டர்வியூ அக்கா

உலகத்திலேயே கடினமான நேர்முகத் தேர்வு டெல்லியில் நடக்கிறது என்று நினைப்பவர்கள், பழவேற்காட்டின் ஏரிக்கரைத் தெருவில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை. அங்கே தேர்வுக் குழு, தலைவர், உறுப்பினர் எல்லாமே ஒருவர்தான். நண்டு வியாபாரம் செய்யும் இன்டர்வியூ அக்கா. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே தெரியாது.

எனக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அதற்குமுன் திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்தோம். ரயில் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, நானும் என் மனைவி சுமதியும் காபி வேண்டுமா என்று கேட்டால்கூட சண்டையென்று நினைத்து அக்கம்பக்கத்தார் சமாதானம் செய்ய வருவார்கள். அமைதியான இடம் தேடித்தான் பழவேற்காடு வந்தோம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும் கடைத்தெருவும் கூப்பிடு தூரம். வாசலில் இறங்கினால் ஏரி. சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர் போனில், "எனக்கு ஓகே சார். எதிர் வீட்டு அக்காவை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார்.

அக்கா கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, நண்டுகளின் கால்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நண்டை எப்படிப் பார்த்தாரோ அப்படியே என்னையும் பார்த்தார்.

"குடிப்பியா?"

"இல்லக்கா."

"குறட்டை உடுவியா?"

"சேச்சே!"

"விடுவாரு" என்றாள் சுமதி.

அக்காவின் முகம் மலர்ந்தது. "இந்தப் பொண்ணு நெஜம் பேசுது. இதுக்கு ஊடு குடுக்கலாம். நீயும் கூட இருந்துக்க நைனா."

இப்படித்தான் மனைவியின் சிபாரிசில் எனக்கு வீடு கிடைத்தது.

தெருவின் அமைதிக்குத் தானே பொறுப்பு என்று அக்கா நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் எங்கேயாவது ஒரு படகில் பாட்டுக் கேட்டால் போதும், கரையில் நின்று, "சத்தம் போடாதீங்கடா!" என்று ஒரு குரல் கொடுப்பார். பாட்டு நிற்கும். அக்கரையில் மேய்ந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப்போகும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் தெரு முழுக்க எழுந்து அழும். "பாத்தியா, ஒரு பாட்டால எம்மாம் பேஜாரு!" என்பார் அக்கா.

சுற்றுலா வருபவர்களுக்கும் தேர்வு உண்டு. ஒரு முறை கேமராவும் கையுமாக வந்த ஒருவர், "டச்சுக் கல்லறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அங்க உனுக்கு யார்னா சொந்தக்காரங்க கீறாங்களா?"

"இல்லம்மா, சும்மா பார்க்கத்தான்."

"செத்தவங்கள சும்மாவா பாக்கப் போவாங்கோ? வெறுங்கையோட?" பாவம், அந்த மனிதர் கடைத்தெருவில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனார்.

சென்ற வருடம் எங்கள் வீட்டுக்காரர் திடீரென்று போன் செய்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஏரி பார்த்த வீடு கேட்கிறாராம், எங்கள் வீட்டை அவருக்குக் கொடுத்துவிடலாமென்று இவர் நினைக்கிறாராம். சுமதி அன்று சமைக்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவிடம் ஓடினேன்.

"வரட்டும், ரெண்டு கேள்வி கேக்கலாம்" என்றார் அக்கா.

எனக்கு உயிர் வந்தது. அக்காவின் கேள்விகளுக்கு எந்த அதிகாரி தப்புவார்?

அதிகாரி வந்தார். நாங்கள் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். குடிப்பதில்லை. குறட்டை உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். பேச்சோடு பேச்சாக ஒரு நண்டை எடுத்துக் கடி வாங்காமல் கட்டியும் காட்டினார். சிறு வயதில் எண்ணூர்க் கரையில் வளர்ந்தவராம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீடு கண்ணெதிரே பறிபோய்க்கொண்டிருந்தது.

"நல்ல மன்சன்பா நீ. இந்தத் தெருவுக்கு நீ வேணும்" என்றார் அக்கா. சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அந்த ஊட்ல ஆள் கீது. காலி ஊட்டப் பாரு. தெருக் கோடில என் தம்பி ஊடு. அவன் கும்மிடிப்பூண்டில கம்பெனி வேலைன்னு போய்ட்டான். ஏரி அங்கிருந்தும் தெரியும், வா."

கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதிகாரிக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. அதன்பிறகு அக்கா என் போனை வாங்கி எங்கள் வீட்டுக்காரரிடம் பேசினார்: "உன் ஆளு வேற ஊடு பாத்துக்கினாரு. இவங்க இருக்கட்டும், இன்னா?" அவரும் ஒரு காலத்தில் அக்காவிடம் தேர்வு எழுதியவர்தான் போலிருக்கிறது. மறுபேச்சே இல்லை.

நன்றி சொல்லப் போனேன். "உனுக்காவ இல்ல. அந்தப் பொண்ணு நாஷ்டா துன்னாம குந்திகினு இருந்துச்சே, அதுக்காவ" என்று நண்டைக் கட்டப் போய்விட்டார்.

போன மாதம், பேத்தியின் காது குத்தலுக்கென்று அக்கா தன் மகள் வீட்டுக்குப் போனார். தெருவில் சருகு விழுந்தால் கேட்டது. மூன்றாம் நாள் அதிகாரி எங்கள் வாசலில் வந்து நின்றார். "அக்கா எப்ப சார் வருவாங்க? ரொம்ப அமைதியா இருக்கு. தூக்கமே வரல."

மறுநாள் மதியம், பேருந்து நிறுத்தத்தில் யாரோ டிரைவரை விரட்டும் குரல் ஏரி வரைக்கும் கேட்டது. சுமதி எழுந்து போய், உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.