பிரித்துக் காட்டிய மிளகாய்ப்பொடி மெஷின்

என் வீட்டில் மனைவியின் நகைகள் சாதாரண மர அலமாரியில் இருக்கின்றன. இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பது என் ஸ்குரூடிரைவர் பெட்டியை. விருந்தாளி வருவதாகத் தகவல் வந்தால் போதும், அந்தப் பீரோச் சாவி செல்வியின் இடுப்புக்குப் போய்விடும். கட்டிய மனைவியே இப்படிப் பயப்படும்படி நான் என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு மிளகாய்ப்பொடி மெஷின் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். (நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள். அவள் தும்மிக் காட்டி வேறு சொல்வாள்.)

பட்டாளத்தில் நான் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். வயர்லெஸ் செட், ரேடார் என்று எது கெட்டாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் பென்ஷனோடு கோவில்பட்டியில் வந்து இறங்கியபோது, வேலை கொடுக்க ஆட்கள் வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. கரிசல் காட்டுக்கு மேலே பறப்பது பருந்தும் காக்காயும்தான், அதைக் கண்டுபிடிக்க ரேடார் எதற்கு?

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கெட்டுப்போன பாகத்துக்குப் பதிலாக அதே நம்பர் போட்ட அசல் பாகம் கிடைத்தால்தான் கை வைப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பட்டாளத்தில் அதுதான் முறை. அவர் பஜாரில் கொடுத்தார். அங்கே ஒருவர் ஏதோ பழைய வயரைச் சுற்றிக் கொடுக்க, மிக்சி ஓடியது. அந்தச் சத்தம் தினமும் காலையில் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வரும். செல்வி தோசைக்கரண்டியைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. மகள் கவிதா படித்துக்கொண்டிருந்தாள், பென்ஷனில் பாதி வீட்டு வாடகைக்கே போனது.

அப்போது கைகொடுத்தவன் செல்வியின் தம்பி முருகேசன். அவன் ஒரு மிளகாய்ப்பொடிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வத்தல் வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டு விற்பவர். அதுவரை பெண்கள் கையால் நிரப்பி மெழுகுவத்தியில் ஒட்டிய பாக்கெட்டுகளை இனி தானாகப் போட, கோயம்புத்தூரிலிருந்து பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு எலக்ட்ரானிக் கண் உண்டு. பாக்கெட் காகிதத்தில் இருக்கும் கறுப்புக் கோட்டை அது பார்த்துச் சொன்னால்தான் மெஷின் சரியான இடத்தில் வெட்டும். வந்த நாளிலிருந்து அந்தக் கண்ணுக்குப் பார்வை இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். கண்ணில் மிளகாய்த்தூள் அப்பியிருந்தது. துடைத்தேன், ஓடியது. (இதை வீட்டில் சொல்லும்போது மூன்று சர்க்யூட்டைச் சரிசெய்ததாகச் சொன்னேன்.) அண்ணாச்சி அசந்துபோய் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். மதுரையில் பல மளிகைக் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் மெஷினைப் பார்க்க வரப்போவதாகவும், அவருக்குப் பிடித்து ஆர்டர் கொடுத்தால் என் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"மிலிட்டரி, நாளைக்கு மதுரைப் பார்ட்டி வாராரு. மெஷினை ஒண்ணு விடாம காட்டணும், என்ன?"

"எஸ் சார்" என்று குதிகாலைச் சேர்த்தேன். செருப்புக் காலில் அது சத்தம் கொடுக்கவில்லை.

பட்டாளத்தில் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் என்ன செய்வோம் என்று இங்கே சொல்லியாக வேண்டும். தரையில் வெள்ளை விரிப்பு விரிப்போம். எங்கள் பொறுப்பில் உள்ள சாமான் அத்தனையையும் பிரித்து, துடைத்து, பெரிதிலிருந்து சிறிது வரை அதில் வரிசையாக அடுக்குவோம். அதிகாரி நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு திருகாணி கோணலாகக் கிடந்தாலும் தொலைந்தோம். என் இளமைக்காலம் முழுவதும் காட்டுவது என்றால் அதுதான். மெஷினை ஓட விட்டுக் காட்டுவது என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கம்பெனியில் இருந்தேன். முதலில் காற்றடிக்கும் புளோயரை எடுத்து மெஷினின் இண்டு இடுக்கெல்லாம் ஊதினேன். மாதக்கணக்கில் சேர்ந்த தூள் செக்கச்செவேலென்று கிளம்பியது. நான் மூக்கில் துண்டைக் கட்டியிருந்ததால் கவலைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று தெளிந்தது. அவ்வளவு தூளும் எங்கே போய் உட்கார்ந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிறகு சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த புது வெள்ளைப் படுக்கைவிரிப்பை விரித்தேன். (செல்வியிடம் கேட்கவில்லை. அது தனி வழக்கு.) பற்சக்கரம், சங்கிலி, பாக்கெட்டை ஒட்டும் சூட்டுக் கட்டை, சர்க்யூட் போர்டுகள், கடைசியில் அந்தக் கண் என்று நூல் பிடித்து அடுக்கினேன். முருகேசன் உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத்தான், என்னத்தான் இது?"

"இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன் பெருமையாக.

அவன் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மாட்டிப் பூட்டுங்கள், சீக்கிரம் பூட்டுங்கள் என்று கெஞ்சினான். அதற்குள் வெளியே கார் வந்து நின்றது.

அண்ணாச்சி வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாக முன்னால் வர, பின்னால் மதுரைக்காரர் வந்தார். நான் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்து, மெஷின் பார்வைக்குத் தயார் என்று உரத்த குரலில் ஹிந்தியில் அறிவித்தேன். மதுரைக்காரர் திரும்பிப் பார்த்தார், தமக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று நினைத்திருப்பார். அண்ணாச்சி மெஷின் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரு இரும்புக்கூடு நின்றது. கீழே பார்த்தார்.

"என்னவே இது?"

அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. விருந்தினருக்கும் வேர்த்தது. விருந்தினருக்கு வேர்க்கவிட்டு நிற்பது மரியாதை இல்லையே என்று, நான் பாய்ந்து போய் சீலிங் ஃபேனைப் போட்டேன்.

காலையில் நான் ஊதிய தூள் முழுக்க அந்த ஃபேன் இறக்கை மேலும் உத்தரத்திலும்தான் உட்கார்ந்திருந்தது.

சிவப்பாக மழை இறங்கியது. மதுரைக்காரர் தும்மினார். அண்ணாச்சி தும்மினார். முருகேசன் தும்மிக்கொண்டே சுவிட்சைத் தேடினான், கண் தெரியாமல் ரெகுலேட்டரைத் திருப்பி ஃபேனை இன்னும் வேகத்தில் வைத்துவிட்டான். நான் விறைப்பாகவே நின்று தும்மினேன். என் வெள்ளை விரிப்பு குங்கும அபிஷேகம் ஆனதுபோல் கிடந்தது.

அண்ணாச்சி தட்டுத்தடுமாறி என் முன்னால் வந்து விரலை நீட்டினார்.

"நீரு நாளைல இருந்து..." தும்மல். "நாளைல இருந்து நீரு..." மறுபடியும் தும்மல். மூன்றாவது முறை வாயைத் திறந்தவர் அப்படியே வெளியே ஓடிவிட்டார்.

மதுரைக்காரர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே காரில் ஏறினார். ஏறும்போது அண்ணாச்சியிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "பொடி நல்ல காரம்தேன். மெஷினைப் பூட்டி முடிச்சுட்டுச் சொல்லிவிடுங்க."

நான் உள்ளே போய் ஒவ்வொரு பாகமாகத் துடைத்துப் பூட்டினேன். செல்வியிடம் என்ன சொல்வது என்ற நினைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்த்தூள் இருந்தது நல்லதாகப் போயிற்று, யாரும் காரணம் கேட்கவில்லை. சாயங்காலம் மெஷின் ஓடியது. எப்போதையும்விட நன்றாகவே ஓடியது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்கு முருகேசன் எனக்கு முன்பே போய்விட்டான். செல்வி கேட்ட முதல் கேள்வி வேலை இருக்கிறதா, இல்லையா என்பதுதான். யோசித்துப் பார்த்தேன். அண்ணாச்சி சொல்லி முடிக்கவில்லை. பட்டாளத்தில் பாதியில் நின்ற உத்தரவை நிறைவேற்றக் கூடாது. அதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் மறுநாள் காலையில் டிபன் டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தவளும் அவள்தான்.

கம்பெனியில் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண் இன்னும் சிவந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார், விழுந்த பாக்கெட் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"சரி, நில்லும். ஆனா எங்கிட்ட கேக்காம ஒரு ஆணியக்கூட தரையில வைக்கப்படாது."

மதுரைக்காரர் அடுத்த முறை வந்து ஆர்டர் கொடுத்தார். மூக்கில் கைக்குட்டையோடுதான் வந்தார். என் வேலை நிரந்தரமானது.

பத்து வருஷம் கழித்துக் கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே பீரோவைப் பூட்டிச் சாவியைச் செருகிக்கொண்டு செல்வி சொன்னாள்: "மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வாராவ. எதையும் பிரிச்சு வச்சிராதீங்க. ஃபேன் பக்கமே போகாதீங்க."

நான் ஒரு மூலையில் கையைக் கட்டி நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தார், உட்கார்ந்தார், தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முருகேசன் அவரிடமும் சொல்லியிருக்கிறான்.

"நல்லா வேர்க்குது. ஃபேன் போடலாமா சம்பந்தி, இல்ல அப்படியே இருந்துருவமா?"

பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே சம்பந்தி என்று சொல்லிவிட்டார். செல்வி சிரித்துக்கொண்டே போய்த் தன் கையால் சுவிட்சைப் போட்டாள். நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.