பஞ்சர் பேசினும் பன்னிரண்டு சேவலும்

திருவண்ணாமலையில் என்னைத் தெரியாதவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எல்லாம் புதிதாகக் குடிவந்தவர்கள். அவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கம் ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு வாடகை சைக்கிள் கடை வைத்தவன் நான். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் என் சைக்கிளில்தான் மலையைச் சுற்றினார்கள். (சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அது செயினுடைய குற்றம்.) அந்தக் கொட்டகையிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் உதிரிபாகக் கடை, அதிலிருந்து ஆறு வாடகை ரூம், வேங்கிக்காலில் மாடி வீடு, வீட்டுக்கு ஒரு கிணறு. பாறைதான் இருக்கு, தண்ணி வராது என்று மூன்று பேர் கைவிரித்த இடத்தில் தோண்டிய கிணறு அது. இவ்வளவையும் நாலாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு செய்தேன். (நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் ஐந்து வருஷப் படிப்பு என்றே சொல்லலாம்.)

இத்தனை செய்தவன் ஒரே ஒரு இடத்தில் தோற்றேன். மூக்கொழுகுகிற கோழியிடம்.

எழுபதுகளின் கடைசி. அப்போது நாங்கள் ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீடு மஜீத் பாய் வீடு. பாய் தகரவேலைக்காரர், புனல், சல்லடை, டிரங்குப் பெட்டி எல்லாம் செய்வார். அவர் மனைவி ஜமீலா அக்கா. இரண்டு வீட்டுக்கும் தோட்டம் ஒன்றுதான், நடுவில் சுவர் கிடையாது. அதில் என் மனைவி பச்சையம்மாளின் பதினைந்து கோழிகளும் ஜமீலா அக்காவின் பன்னிரண்டு சேவல்களும் ஒன்றாக மேயும்.

அந்தச் சேவல்கள் சாதாரணச் சேவல்கள் இல்லை. அக்காவின் மகள் நூருவுக்கு ஆரணியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு மட்டன் பிரியாணி. மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு நாட்டுச் சேவல் குழம்பு. மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்தபோதே தோட்டத்தில் நின்று, "எங்க பையனுக்கு நாட்டுக்கோழின்னா உயிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா அந்தச் சேவல்களுக்குக் கம்பும் உடைத்த கடலையும் போட்டு வளர்த்தார். பாய்க்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது. இதை பாயே சொல்வார்.

மார்கழியில் நான் கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போனேன். அங்கே ஒருவன் இரண்டு பெட்டைக் கோழிகளைச் சல்லிசாகக் கொடுத்தான். ஏன் சல்லிசு என்று கேட்கத் தோன்றவில்லை. என் வியாபாரத் திறமைக்குப் பயந்துதான் விலையைக் குறைத்தான் என்று நினைத்தேன்.

தோட்டத்தில் அவிழ்த்துவிடும்போது பச்சையம்மாள் பார்த்தாள்.

"இன்னாங்க, இது தும்முது?"

"கேரியர்ல தலைகீழா வந்துச்சு. தூசி ஏறியிருக்கும்."

"ரெண்டு வாரம் தனியா கட்டி வைங்க. எங்கம்மா வீட்ல புதுக்கோழி வந்தா அப்படித்தான் செய்வாங்க."

"கோழிக்கு எதுக்குடி விருந்தாளி ரூமு?" என்றேன். நானே என் பேச்சுக்குச் சிரித்தும் வைத்தேன்.

நாலாம் நாள் அந்த இரண்டுக்கும் முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூக்கில் கெட்டியாகச் சளி. கிட்டே போனால் ஒரு நாற்றம். மூச்சு விடும்போது கொர்ரு கொர்ரென்று சத்தம். எங்கள் கோழிகளில் மூன்று தும்ம ஆரம்பித்தன. சேவல்கள் அப்போது நன்றாகத்தான் இருந்தன. 

பச்சையம்மாள், "மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூப்பிட்டு வாங்க" என்றாள்.

"சளிக்கு எதுக்கு டாக்டரு? அதுவும் மாட்டு டாக்டரு. நான் பாத்துக்கறேன்."

இங்கே என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதற்கு ஒரு இரும்புப் பேசின் இருக்கும். ட்யூபில் காற்றடித்து அந்தப் பேசின் தண்ணீரில் முக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். நல்ல தொழிலாளி ஓட்டையை ஒட்டியதோடு விடமாட்டான். நன்றாக இருக்கிற பாகத்தையும் சுற்றி முக்கிப் பார்ப்பான். பேசின் தண்ணீரை மூன்று நாளைக்கு மாற்றவும் மாட்டான். ட்யூபுக்கு எதற்கு புதுத் தண்ணீர்? இந்த வித்தையை வைத்துத்தான் நான் பிழைத்தேன். அது கோழிக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையிலிருந்து பேசினைக் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தேன். வெந்நீர் ஊற்றி விளாவி, மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் தைலம். முண்டாசு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மஜீத் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"இன்னா ஏழுமலை, கோழிக்கும் பஞ்சரா?"

"மூக்கு கழுவப் போறேன் பாய். உள்ள இருக்கற சளி வெளிய வந்துட்டா சரியாப்போயிடும்."

முதலில் சீக்குக் கோழிகள். அவசரக் கேஸ் முதலில் என்பது எந்த ஆஸ்பத்திரிக்கும் உள்ள முறைதானே. ஒவ்வொன்றையும் பிடித்து மூக்கைத் தண்ணீரில் முக்கி, விரலால் வழித்து, மறுபடி முக்கினேன். ஐந்தும் முடிந்தன. தண்ணீர் கொஞ்சம் குழகுழவென்று ஆனது. மஞ்சள் கரைந்த பக்குவம் என்று நினைத்தேன்.

பிறகு நல்ல கோழிகள். ஒன்றையும் விடவில்லை. கடைசியாகச் சேவல்கள். ஜமீலா அக்கா வாசலில் நின்று தயங்கினார்.

"தம்பி, அதுங்க நல்லாத்தான கீதுங்க? விட்டுடலாமே."

"அக்கா, கல்யாணச் சேவலு. வந்தப்புறம் பாக்கறதவிட வராம தடுக்கறதுதான் வைத்தியம்."

அந்தப் பேச்சு அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அவரே ஒவ்வொரு சேவலாகப் பிடித்து என் கையில் கொடுத்தார். பன்னிரண்டு சேவல். பன்னிரண்டு முக்கு. அடைக்கோழி ஒன்று மட்டும் தப்பியது. மூலைக் கூடையில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த அது என் கட்டைவிரலைக் கொத்திக் கிழித்துவிட்டது. பச்சையம்மாளும் "அதைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள்.

மீதித் தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. மஞ்சள் போட்ட தண்ணீர். குடிக்கட்டும் என்று பேசினோடு அங்கேயே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் தோட்டத்தில் சேவல் கூவவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். பன்னிரண்டும் முகம் வீங்கி, கண் சொருகி, வரிசையாக உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தன. கச்சேரி மாதிரி ஒன்று நிறுத்தினால் இன்னொன்று எடுத்துக்கொடுத்தது. ஜமீலா அக்கா கம்புக் கிண்ணத்தோடு நின்றார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

என்னைக் கேட்காமலே பச்சையம்மாள் போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்துவிட்டாள். சின்ன வயசு, கண்ணாடி போட்ட ஆள். ஒரு சேவலின் முகத்தை அழுத்திப் பார்த்து, மூக்கை முகர்ந்து பார்த்தார்.

"இது தொத்துற சளி. சாவு கம்மி, பரவறது ஜாஸ்தி. யாருங்க இதுங்கள கவனிச்சுக்கறது?"

"நான்தான் சார்" என்று முன்னால் போய் நின்றேன். (பின்னால் இருந்து பாய் என் சட்டையை இழுத்தார். கவனிக்கவில்லை.) வைத்தியத்தை ஒன்றுவிடாமல் விவரித்தேன். பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சீக்குக் கோழிய முதல்ல கழுவினீங்க."

"ஆமா சார்."

"அதே தண்ணியில நல்ல கோழிய."

"ஒண்ணு விடல சார்."

"அப்புறம் அந்தத் தண்ணிய?"

"குடிக்க வச்சேன். மஞ்சள் தண்ணி, வீணாப் போகக்கூடாதில்ல."

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "தானா பரவ விட்டிருந்தா பத்து நாளாவது ஆயிருக்கும். நீங்க ஒரே காலையில முடிச்சுட்டீங்க."

தெருவில் பாதிப் பேர் தோட்டத்தில் நின்றிருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது. மூலைக்கூடையைப் பார்த்த டாக்டர், "இது ஒண்ணு மட்டும் எப்படி நல்லா இருக்கு?" என்றார்.

"அது இவரை கிட்ட சேக்கல சார்" என்றாள் பச்சையம்மாள்.

டாக்டர் ஒரு பொடி கொடுத்தார். தினம் புதுத் தண்ணீரில் கலந்து வைக்க வேண்டும். பேசினைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். அடைக்கோழிக்கு முதலில் தீனி, சீக்குக் கோழிகளுக்குப் பிறகு. திரும்பும்போது கைகால் கழுவ வேண்டும். தேறின கோழியும் நோயை உள்ளே வைத்திருக்கும், அதனால் புதுக்கோழியை இதுங்களோடு சேர்க்கவே கூடாது. மருந்து கொடுக்கிற நாளிலும் அதற்கப்புறம் கொஞ்ச நாளும் கறிக்கு அறுக்கக் கூடாது.

கடைசி வார்த்தையில் ஜமீலா அக்கா அப்படியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் கடையைச் சாத்திவிட்டுக் கோழிக்கு ஊழியம் செய்தேன். பேசின் தேய்த்துத் தேய்த்துக் கை வெளுத்தது. சந்தைக் கோழி இரண்டும், பச்சையம்மாளின் கோழி ஒன்றும் செத்தன. அந்த ஒன்றை அவள் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சேவல்கள் பிழைத்தன. ஆனால் குடைக்கம்பிக்கு இறகு ஒட்டியது மாதிரி ஆகிவிட்டன.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மெதுவாகக் கேட்டேன்: "அக்கா, சந்தையில நல்ல சேவலாப் பாத்து பன்னண்டு வாங்கியாரட்டுமா?"

"நீ கொண்டாந்த சந்தைக் கோழியே போதும் தம்பி."

கடைக்குப் போய்விட்டேன். ஆனால் அக்கா முகம் என்னைத் தூங்க விடவில்லை. சேவல் குழம்பு, சம்பந்தி அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை. மகள் புகுந்த வீட்டுக்குப் போகிற முதல் நாளே குறை சொல்லும்படி ஆகிவிடுமே என்று அவருக்குப் பயம்.

மாப்பிள்ளை விருந்தன்று விடியும் முன்னே சைக்கிளை எடுத்தேன். சாத்தனூர் அணைக்கு. போக முப்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே. அணையில் வலைக்காரர்கள் கரையேறும்போது நான் நின்றேன். துள்ளுகிற கெண்டையாகப் பார்த்து ஒரு கூடை. ஈரக் கோணிப்பை சுற்றிக் கேரியரில் கட்டி, வழியில் கிணறு கண்ட இடமெல்லாம் தண்ணீர் தெளித்து, பத்து மணிக்குள் அக்கா வாசலில் இறக்கினேன். வழியில் பஞ்சர் இல்லை. (என் சொந்தச் சைக்கிள் அது.)

அக்கா கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ கழுவலயே?" என்றார்.

"தொடக்கூட இல்லக்கா."

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவிப் பொரித்த மீன், புளி கரைத்த குழம்பு. சம்பந்தி அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "சேவல்னு சொன்னீங்களே" என்றார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் ஒரு சேவல் கூவியது. கூவி முடித்துத் தும்மியது.

 மஜீத் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைக் கைகாட்டினார். "அதுங்க எல்லாம் இவருகிட்ட வைத்தியம் பாத்துச்சுங்கம்மா. இன்னும் தேறல."

நான் சுவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிப் பார்த்த நூருவால் முடியவில்லை. அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். சிரித்தபடியே ஒரு துண்டை வாயில் போட்டார். இன்னொன்று. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "மா, சாப்ட்டுப் பாரு" என்றார். அந்த அம்மா ஒரு துண்டு சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார். மூன்றாம் தடவை தட்டை நீட்டினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் பேரப் பிள்ளைகள், "தாத்தா பேசின் எடுக்கறாரு, ஓடுங்க" என்கிறார்கள். அது போகட்டும். பழகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயம் எனக்குச் சரியாகப்படவில்லை. அந்த நாளிலிருந்து பாய் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை விருந்தானாலும் அணை மீன்தான். நூரு மகள் கல்யாணத்துக்கு ஆரணியிலிருந்து அணைக்கு வேன் வைத்துப் போய் மீன் எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் ஜமீலா அக்கா ஆரம்பித்துவைத்த வழக்கம், அவர் கைப்பக்குவம் என்று பேசிக்கொண்டார்கள். கைப்பக்குவம் அவருடையதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சேவலுக்குச் சளி வராமல் இருந்தால் மீன் எப்படி அந்தத் தட்டுக்கு வந்திருக்கும்? பன்னிரண்டையும் ஒரே காலையில் படுக்கவைத்தது யார்? டாக்டரே சாட்சி சொன்னாரே. ஆகவே அடுத்த விருந்தில் முதல் மீனைத் தட்டில் வைக்கும்போது, இது ஏழுமலையால் வந்த வழக்கம் என்று யாராவது ஒருவர் எழுந்து நின்று சொல்லணும். கூடத்தில் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி.