பதினேழாம் நம்பர் பெஞ்சு

"மேலேர்ந்து பாத்தா நம்ம ஊடு தெரியுமாடி?"

போன மாதம், கும்மிடிப்பூண்டி ஒயர் கம்பெனியில் டீ குடிக்கும்போது ரோசம்மாள் கேட்ட கேள்வி இது. அதுவரை நர்மதா அதை யோசித்ததில்லை. அதன்பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை. புவனேஸ்வரத்தில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், அதற்குக் கட்டவேண்டிய புடவை எல்லாம் பின்னால் போய்விட்டன.

அத்திப்பட்டில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. தினமும் காலையில் புவனேஸ்வரத்து விமானம் அந்த மொட்டை மாடிகளுக்கு மேலேதான் வடக்கே போகிறது.

"நான் மாடில செகப்பு நைட்டிய ஆட்டிக்கினு நிப்பேன். பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் ரோசம்மாள். அதற்காக ஷிப்டையே மாற்றிக்கொண்டாள்.

விமான டிக்கெட் எடுத்தது நர்மதாவின் கணவன் சந்திரமோகன். ரயிலில் ஏசி பெட்டியைவிட மலிவு. ஆனால் மூட்டைக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனி, ஜன்னலுக்கும் தனி.

"ஜன்னலுக்கு டப்பு கேக்குறான் நர்மதா. நம்ம லோக்கல் வண்டில கேக்குறானா?" என்று எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' அமுக்கிவிட்டான்.

விமானத்தில் ஏறியதும் இரண்டு போர்டிங் பாஸிலும் இருந்த எண்ணைப் பார்த்தான். பதினேழு. அவனுக்கு அது போதும். பதினேழாவது வரிசையில் ஜன்னலோரம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டி லோக்கலில் முதலில் உட்கார்ந்தவருக்கே ஜன்னல். அதனால் நர்மதா நடுவிலும் சந்திரமோகன் வழி ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். முழங்கால் முன் இருக்கையில் இடித்தது.

"இன்னாங்க, பெஞ்ச இப்டி நெருக்கிப் போட்டுக்கிறான்?"

"நாம குடுத்த காசுக்கு முட்டியக் கழட்டி மடில வெச்சிக்கினுதான் ஒக்காரணும்."

நர்மதா தயங்கித் தயங்கி ஜன்னல்காரரிடம் கேட்டாள். "சார், அத்திப்பட்டு தாண்டற வரிக்கும் கொஞ்சம் மாறி ஒக்காரலாமா?"

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "இது லோக்கல் டிரெயின் இல்லம்மா. அவங்கவங்க சீட்டுல அவங்கவங்கதான் இருக்கணும். ஜன்னலுக்குத் தனியா எவ்ளோ கட்டணும் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றான் சந்திரமோகன். "அதான் கட்டல."

விமானம் கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தது. நர்மதா புளிசாத டப்பாவைத் திறந்தாள். ஜன்னல்காரரின் மூக்கு முதலில் திரும்பியது, பிறகு முகம்.

"நாஷ்டா பண்ணலியா சார்? இந்தாங்க. மேல போனதும் கொஞ்சம் பின்னால சாஞ்சிக்கினா போதும், நான் எட்டிப் பாத்துக்குறேன்."

அவர் தலையசைத்தார். டப்பாவை வாங்கி, அடியில் கிடந்த வேர்க்கடலைவரை பொறுக்கித் தின்றார். புளிசாதம் தன் வேலையைக் காட்டியது. விமானம் ஓடத் தொடங்கியபோது அவர் ஜன்னல் பக்கமே சாய்ந்து குறட்டை விட்டார். ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற தலை. காதுக்கும் ஜன்னல் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஆகாயம் தெரிந்தது.

"ஐயோ, ஊடு வந்துடும்ங்க."

"தண்ணி பாட்டில நீட்டி எழுப்பு. சாப்ட்டவரு, விக்கலுக்குக் குடுக்குறதா நெனச்சிக்குவாரு."

அவள் மூடியைத் திறந்து நீட்டவும் விமானம் ஒரு பக்கம் சாயவும் சரியாக இருந்தது. பாட்டில் அவர் மடியில் காலியானது. அவர் விழித்தார். மடியைப் பார்த்தார். நர்மதாவைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, ஜன்னல் திரையைக் கீழே இழுத்துவிட்டார். இழுப்பதற்கு முன்னால் ஒரு நொடி, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியின் நுனி தெரிந்தது. அப்புறம் வெறும் பிளாஸ்டிக்.

விமானம் புவனேஸ்வரத்தில் தரையிறங்கி நின்றதும், இருக்கையை விட்டு எழுவதற்குள் போன் அடித்தது.

"தெரிஞ்சிச்சாடி?" ரோசம்மாள் கத்தினாள். "தெருவே மாடி ஏறிடுச்சி. எங்க ஊட்டுக்காரரு பெட்ஷீட்ட ஆட்டுனாரு."

"பொகபோக்கி தெரிஞ்சிச்சுக்கா."

"நைட்டி?"

"திரும்பி வர்றப்ப கண்டிப்பா பாக்குறேன். காசு கட்டியாச்சும் பாக்குறேன்."

ஈர இருக்கையைத் துடைக்க விமானப் பணிப்பெண் வந்தாள். சென்னைப் பெண். நர்மதா கணவன் கையிலிருந்த இரண்டு போர்டிங் பாஸையும் பிடுங்கி நீட்டினாள். "ரிட்டன்ல ஜன்னல் வேணும்மா. எப்டி கேக்கறது?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பதினேழாவது வரிசையையும் ஒருமுறை பார்த்தாள்.

"இப்பவும் ஜன்னல்தானே மேடம் உங்களுக்கு. பதினேழு ஏ. காசு கட்டாதவங்களுக்கு மிச்சம் இருக்கறத கம்ப்யூட்டரே குடுத்துடும். உங்க ஹஸ்பண்டுக்கு சி. நடு சீட்டுதான் இந்த சாரோடது."

ஜன்னல்காரர் எழுந்தார். காலி டப்பாவை நர்மதாவின் மடியில் வைத்தார். பையை எடுத்து ஈரத்தை மறைத்துக்கொண்டு, இரண்டு பேருடைய முழங்கால்களையும் தாண்டி இறங்கிப் போனார்.