மூன்று தட்டலும் ஆறு கை உப்பும்

உலகத்திலேயே கரண்டிக்கு பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பயணம் செய்த ஒரே மனிதர் எங்கள் கரண்டி அண்ணாச்சிதான்.

கரண்டி என்றதும் வீட்டில் சாம்பார் ஊற்றுகிற சாமானை நினைத்துவிடாதீர்கள். ஐந்தடி இரும்பு. அதன் தலையில் ஒரு கைக்குழந்தையைக் கிடத்தித் தாலாட்டலாம். ஒருமுறை எட்டயபுரத்தில் ஏதோ விசேஷத்துக்குச் சமைத்துவிட்டு அவர் திரும்பியபோது அதே பஸ்ஸில் நானும் இருந்தேன்.

"பெரியவரே, அந்தக் கம்பியைக் கீழ போடுங்க. ஆள் உக்காரணும்" என்றார் கண்டக்டர்.

"கம்பியா? பெருமாளுக்குச் சோறு கிண்டுத கரண்டிவே இது. நாலு பேரு கால் படுத இடத்துல போடச் சொல்லுதீரு? நான் எந்திரிச்சுக்கிடுதேன். ஆளை உக்காரச் சொல்லும்."

சொன்னபடியே எழுந்துவிட்டார். ஜன்னலோரம் கரண்டி, அதன் பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு ஓர் அம்மாள். கோவில்பட்டி வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரையும் நான் சந்தித்ததும் இல்லை. அவர் எங்கள் தெருக்கோடி பஜனை மடத்தின் சமையல்காரர். மடம் இருபத்தைந்து வீட்டுக்குப் பொது. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை அங்கே பெருமாளுக்குக் குதிரைவாலிக் கூட்டாஞ்சோறு. இப்போது என் டாக்டர் சர்க்கரைக்கு மருந்து போல எழுதிக்கொடுக்கிற அதே குதிரைவாலிதான். கரிசல் காட்டில் மழையை நம்பி விளைந்ததை அவரவர் படியில் கொண்டுவந்து ஒரே குவியலில் கொட்டிவிட வேண்டும். துவரம்பருப்பும் அப்படித்தான், கத்தரி, அவரை, கொத்தவரையும் அப்படித்தான். யார் வீட்டுச் சாமான் எது என்று அப்புறம் பெருமாளுக்கே தெரியாது.

மடத்து அடுப்படிக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. உள்ளே போகிறவர் கால் கழுவி, வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அடுப்பு மூட்டியதிலிருந்து சாமிக்குப் படைத்துத் திரை விலகும்வரை உள்ளே ஒருவரும் பேசக்கூடாது. பெருமாளுக்கு முன்னால் ஒரு பருக்கையை ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மாதிரி இங்கிலீஷ் காய்களுக்கு வாசற்படியோடு சரி.

பேச முடியாத இடத்தில் அண்ணாச்சியின் கரண்டி பேசும். தரையில் குத்தினால் விறகு. காற்றில் வட்டம் போட்டால் தண்ணீர். அண்டாவின் விளிம்பில் தட்டினால் உப்பு. ஒரு தட்டலுக்கு ஒரு கை. கை என்பது இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற கல்லுப்பு.

இந்த உப்பைப் போடுவது அண்ணாச்சி அல்ல. அதற்கு உப்பு முறை என்று பெயர். வருஷத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டுத் தலைவர் தன் வீட்டிலிருந்து கலயத்தில் உப்புக் கொண்டுவந்து தன் கையால் போட வேண்டும். சமையல் ஒருவருடையது, உப்பு இன்னொருவருடையது, ருசி பார்ப்பவர் யாரும் இல்லை. இப்படியொரு ஏற்பாட்டைச் செய்த முன்னோர்கள் நெஞ்சுரம் உள்ளவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வருஷம் பாரம்பரிய உணவு பற்றி யூடியூப் நடத்தும் ஒரு தம்பி கேமராவோடு வந்தார். எல்லாம் எடுத்து முடித்து அண்ணாச்சியிடம், "ஐயா, உப்பு மட்டும் எவ்வளவுன்னு சொல்லிருங்க" என்றார்.

"அது போடுத ஆளைப் பொறுத்து தம்பி."

தம்பி சிரித்தார். பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீடியோவில் 'உப்பு தேவையான அளவு' என்று போட்டுவிட்டார்.

உப்பு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வங்கி அதிகாரியின் முறையில் சோறு உப்பில்லாமல் சப்பென்று போய்விட்டது. அன்று சாயங்காலமே அது சப்பு வீடு ஆயிற்று. அவர் மாடி எடுத்துக் கட்டினார், மாடியும் சப்பு வீட்டு மாடி ஆயிற்று. கூரியர் பையன்கள்கூட "சப்பு வீடு எது சார்?" என்று கேட்டுத்தான் தபால் கொடுக்கிறார்கள்.

இந்த வருஷம் உப்பு முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. கடைசியாக வந்தபோது என் அப்பா போட்டார். அவர் இப்போது இல்லை. எனவே நான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் மணியாச்சி வரை போய் ரயிலை விட்டு இறங்கித் திரும்பி வந்தவன் நான். வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான், எங்களிடம் இருப்பது கரண்ட் அடுப்பு என்பதும் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன.

இது போதாதென்று என் மனைவி ஒரு காரியம் செய்தாள். மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த பசுவந்தனை மாப்பிள்ளை வீட்டாரை அன்றைக்கே சாப்பிட அழைத்துவிட்டாள்.

"ஏட்டி, வேற நாளே கிடைக்கலையா?"

"நம்ம முறை அன்னைக்கு அவிய வந்து சாப்புட்டா நமக்குத்தானங்க கௌரவம்?"

"சப்புன்னு போச்சுன்னா?"

"நாலு உப்பைக் கூடப் போடுங்க."

"கரிச்சிட்டா?"

"உங்களைக் கட்டுனதுக்கு ஒரு உப்பு மூட்டையைக் கட்டியிருக்கலாம், வாயத் தொறக்காது" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

காலை பத்து மணி. வாயில் துணியும் கையில் கலயமுமாக அண்டாவின் பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு விளிம்பில் தட்டினார். டங், டங், டங்.

மூன்று. மூன்று கை போட்டேன். இவ்வளவு பெரிய அண்டாவுக்கு மூன்றுதானா? குதிரைவாலி கொதித்துக் குமிழ்விட்டது. ஒவ்வொரு குமிழும் 'சப்பு சப்பு' என்று வெடிப்பதாகவே எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி அனுப்பியிருந்தாள்: 'அவிய பசுவந்தனையில இருந்து கெளம்பிட்டாங்க. உப்பு போட்டாச்சா?'

போட்டாச்சா? மூன்று கை போட்டேனா, போடப்போவதாக நினைத்தேனா? கையைப் பார்த்தேன். ஆவி பட்டு நனைந்த கை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது மறுபடியும் கேட்டது. டங், டங், டங்.

மறுயோசனை இல்லாமல் மூன்று கை அள்ளிப் போட்டேன்.

நிமிர்ந்தால், எதிரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த என் மைத்துனன் செல்வம் கண்ணை அகல விரித்து நிற்கிறான். அண்ணாச்சி கரண்டியை உதறிக்கொண்டிருக்கிறார். அதில் ஒட்டியிருந்த முருங்கைக்கீரை அண்டாவுக்குள் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தட்டல் உப்புக்கு அல்ல, கீரைக்கு.

செல்வம் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "அத்தான், என்ன காரியம் பண்ணிட்டீங்க? ஏற்கெனவே மூணு கை போட்டீங்களே, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"உறுதியாத் தெரியுமாடே?"

"எண்ணுனேன் அத்தான்."

என் கண்முன்னே எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது: கரிப்பு வீடு. 'பொண்ணு எந்த வீடு?' 'கரிப்பு வீடு.' பசுவந்தனைக்காரர்கள் வந்த காரிலேயே திரும்பிப் போகிறார்கள். சப்பு வீட்டுக்காரர் மாடியிலிருந்து எனக்குக் கையசைக்கிறார்.

செல்வம் போனில் தேடினான். "உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கிடுமாம் அத்தான்."

பத்து கிலோ வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். மடத்து வாசற்படியில் காலை வைக்கவில்லை, குறுக்கே கரண்டி விழுந்தது. மறு நுனியில் அண்ணாச்சி. மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் துணி கட்டிய மனிதர் இவ்வளவு திட்ட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பேசக்கூடாதே! ஜாடையில் சொன்னேன். அண்டாவைக் காட்டினேன், ஆறு விரலைக் காட்டினேன், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோணினேன். அண்ணாச்சி புரிந்துகொண்டதாகத் தலையாட்டி, கரண்டியால் கொல்லைப்புறம் கழிவறை இருக்கும் திசையைக் காட்டினார்.

அங்கேயும் போனேன். உண்மையிலேயே தேவைப்பட்டது.

மணி அடித்துத் திரை விலகிற்று. பந்தி போட்டார்கள். பசுவந்தனைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா, பேச்சுக் குறைந்த மனிதர், மீசை மட்டும் தாராளம். இலையில் கூட்டாஞ்சோறு விழுந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"தண்ணி" என்றார்.

தீர்ந்தது கதை. தூணைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அதில் பத்து கிலோ உருளைக்கிழங்குக்கான கேள்வியும் இருந்தது. அவர் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, இலையைக் காட்டினார்.

"சூடா இருந்துச்சு. இன்னும் ரெண்டு கரண்டி வைக்கச் சொல்லுங்க. யாரு வீட்டு உப்பு இது?"

"நம்... நம்ம வீடுதான்."

"நல்ல கை" என்றார். மூன்றாவது தடவை வாங்கிய பிறகு, "ஐப்பசியில ஒரு நல்ல நாள் பாருங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. பந்தி ஓய்ந்ததும் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். கொல்லையில் கரண்டிக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நான் மூணு கை போடலை."

"ஆறு."

"தெரியுமா?"

"சோத்துக்கு ஆறு கைதானே வேணும்."

"பிறகு எதுக்கு மூணு தட்டுனீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். ஆறு தட்டுனா நீ பன்னெண்டு போடுவ. அதான் மூணோட நிறுத்துனேன். பயந்தவன் ரெண்டு மடங்கு போடுவான். தைரியசாலி சொன்னதுல பாதிதான் போடுவான், அவனுக்குப் பன்னெண்டு தட்டணும். உங்க அப்பாவுக்கு ரெண்டே தட்டுத்தான் தட்டுனேன். மனுசன் ஏழு கை போட்டுட்டு, என் கையப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுகை. வெளிய சொல்லிராதீங்கன்னாரு. இம்புட்டு நாளும் சொன்னேனா?"

இருபத்தைந்து வீட்டு ரகசியமும் அந்தக் கரண்டிக்குள் இருந்தது. எங்கள் தெருவில் கம்பீரமாக நடமாடுகிற அத்தனை பேரும் ஒருநாள் இந்தக் கொல்லையில் வந்து நின்றவர்கள்தான்.

"அப்போ சப்பு வீடு?"

அண்ணாச்சி முதல்முறையாகத் தலை குனிந்தார். "அது என் தப்பு. ஆளைப் பாத்தா வெலவெலத்துப் போயி நிக்காப்புல இருந்துச்சு. மூணு தட்டுனேன். பாவி மனுசன் மூணே கை போட்டுட்டாரு. பொறவுதான் தெரிஞ்சுது, அது அவரு எப்பவும் வச்சிருக்க மூஞ்சி."

அவருக்கென்று நான் எடுத்துவைத்திருந்த இலைப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் சமைச்சதை நான் திங்கதில்லப்பா. தின்னா அடுத்த தடவை என் நாக்குக்குச் சமைச்சிப்புடுவேன். ஊருக்கும் சாமிக்கும் யாரு சமைக்கது?"

கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய் இரண்டு வடை வாங்கினார். ஒன்றைக் கடித்ததும் கடைக்காரரைப் பார்த்து, "என்னவே, உப்பு இப்பிடிக் கரிக்கு! ருசி பாத்துப் போடப்படாதா?" என்று சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டது.

ஐப்பசியில் மகள் கல்யாணம் நடந்தது. சமையல் அண்ணாச்சிதான். உருளைக்கிழங்கை நாங்கள் ஒரு மாதம் தின்றோம்.

எங்கள் வீட்டுக்கு உப்பு முறை திரும்ப வர இன்னும் இருபத்தைந்து வருஷம் ஆகும். அப்போது எனக்கு எழுபத்தேழு, அண்ணாச்சிக்குத் தொண்ணூற்றைந்தாவது இருக்கும். அதனால் என்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் மடத்துக்குப் போய்ப் பெருமாளிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்: எனக்கு எத்தனை தட்டவேண்டும் என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான், பார்த்துக்கொள்ளும்.