‘பச்சை’ என்னும் சொல்லுக்கு ஒரு விதிவிலக்கு

பெருமதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

முன்பின் அறிமுகமில்லாத வாசகி ஒருத்தியின் பணிவான வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் கண்வலி, முதுகுவலி ஏதுமின்றிச் சொற்பணி ஆற்றிவருவீர்கள் என நம்புகிறேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டே, தையல் எந்திரத்தின் அருகில் தங்கள் அகராதியை விரித்துவைத்து நானாகவே தமிழ் பயின்றவள் நான். என்னிடமுள்ள படியில் பகர வரிசையை எலி உண்டுவிட்டது. ஆகவே, கீழே நான் முன்மொழியும் சொல் அங்கே ஏற்கெனவே இருக்குமாயின் பொறுத்தருள்க, குற்றம் எலியினுடையது.

சொல்: பச்சை. பொருள்: எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு பயில்பவர். பெயர்க்காரணம்: முதலாமாண்டினரின் அடையாள அட்டை பச்சை நாடாவில் தொங்கும், மூத்தோருடையது நீலம். வழக்கு: மூத்தோர் ஏவும்போது, “ஏய் பச்சை, பின்படி வழியா ஏறு!” பச்சைகள் தமக்குள் உறவு கொண்டாடும்போது, “நம்ம பச்சைதான்டி, தள்ளி உக்காரு.” விதிவிலக்கு: நாற்பது வயதைக் கடந்தோர்க்கு இச்சொல் வழங்காது.

கடைசி வரியை இருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன், ஐயா. இக்கல்லூரியில் அவ்வயதைக் கடந்த பச்சை நான் ஒருத்தியே. முதல் நாள் நான் வகுப்பினுள் நுழைந்ததும் அனைவரும் எழுந்து வணக்கம் கூறினர். பின்னால் ஆசிரியர் வருகிறார் போலும் என்று நானும் திரும்பிநின்று கைகூப்பினேன். அங்கே கதவுதான் இருந்தது. சரி போகட்டும் என்று மற்றப் பச்சைகளோடு, எங்களுக்கென்று ஒதுக்கிய பின்படிக்கட்டில் ஏறினால், ‘தாடி’ என்று எல்லோரும் அழைக்கும் மூன்றாமாண்டு மாணவர் வழிமறித்து, “மேடம், நீங்க முன்படியில போங்க” என்றார். “தம்பி, நானும் பச்சைதான்” என்று நாடாவை உயர்த்திக் காட்டினேன். “ஐயோ, உங்களப் போய் அப்படிக் கூப்பிடுவோமா? எங்கம்மா மாதிரி இருக்கீங்க!” அம்மா என்றழைக்க எனக்கு வீட்டில் இருவர் இருக்கிறார்கள், பச்சை என்றழைக்கத்தான் ஒருவருமில்லை.

இதுவரை வருத்தம்தான், இனிமேல்தான் விபரீதம். சென்ற வாரம் மூத்தோர் தங்கள் விழாவுக்காக எங்கள் வகுப்பு பெஞ்சுகளையெல்லாம் பச்சைகளே மைதானத்துக்குச் சுமக்க வேண்டுமென்று ஆணையிட்டனர். நானும் ஆவலோடு ஒரு முனையைப் பற்றினேன். தாடி ஓடிவந்து, “விடுங்க மேடம், இடுப்புப் பிடிச்சுக்கும்” என்று பிடுங்கிக்கொண்டார். எல்லோரும் வியர்வையில் நனைய, நான் மட்டும் நிழலில் நின்றேன். மறுநாள் யாரோ புகார் செய்துவிட்டதாகக் கல்லூரி முதல்வர் விசாரணை அறிவித்தார். சுமக்காதவள் நான் ஒருத்தியே என்பதால், சொன்னவளும் நானே என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெயிலோ மழையோ குடையை விடாத என் பக்கத்து இருக்கைப் பெண், நாங்கள் அழைப்பது குடைக்காரி, பெஞ்சுகள் இன்னும் மைதானத்திலேயே கிடக்க, தன் பையைத் தூக்கிக்கொண்டு தரையில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். “அவங்க முன்னாடி எதுவும் பேசாதீங்கடி” என்று அவள் சொன்னது, நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தபோது காதில் விழுந்தது. வார் சரியாகத்தான் இருந்தது. நிமிர முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை விசாரணை. முதல்வர் அறையில் ஒரு பக்கம் நீலங்கள், மறுபக்கம் பச்சைகள், நடுவே எனக்கு மட்டும் நாற்காலி. “நீங்க பெரியவங்க. சுமக்கச் சொன்னது யாருன்னு நீங்களே சொல்லுங்க. அவன் இந்த வருஷம் பரீட்சை எழுத மாட்டான்” என்றார் முதல்வர். தாடியின் முகம் வெளுத்தது. பச்சைகள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சொன்னால் நான் மேடம், சொல்லாவிட்டால் பொய்க்காரி. நான் எழுந்து, நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு, பச்சைகளின் வரிசைக் கடைசியில் போய் நின்றேன். “ஐயா, நான் பெரியவள் அல்லேன், முதலாமாண்டு. என்னை வரிசையில் கேளுங்கள். ஆனால் என்னிடம் இருப்பது ஒரே புகார். என்னைச் சுமக்க விடவில்லை.”

எவரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். முதல்வர் விசாரணைக் காகிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். பிறகு, “இரண்டு கூட்டமும் சேர்ந்து சாயங்காலத்துக்குள்ள எல்லா பெஞ்சையும் பழைய இடத்துல வைங்க. போங்க!” என்றார். வெளியே வந்தோம். பச்சைகளும் நீலங்களும் பெஞ்சு தூக்க மைதானத்துக்குப் போனார்கள், என்னை ஒருவரும் அழைக்கவில்லை. இக்கடிதத்தை ஆளில்லாத வகுப்பில், தரையில் அமர்ந்து எழுதுகிறேன். விலகல் விண்ணப்பமும் பையில் தயார். ஆகவே, மேற்கண்ட விதிவிலக்கை அடுத்த பதிப்பில் மறவாது சேர்க்க வேண்டுகிறேன்.

தங்கள் அகராதி பல பதிப்புகள் காண்க. எலிகள் அதனை அணுகாதிருக்க.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள வாசகி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அவசரமாக எழுதுகிறேன். பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கியவாறு குடைக்காரி வாசலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. போன் செய்து புகார் சொன்னது அவள் அப்பாவாம். அவளுக்கே இப்போதுதான் தெரிந்ததாம். நான் பதில் சொல்லச் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருக்கவில்லை. விதிவிலக்கை அடியோடு நீக்கிவிடுங்கள், ஐயா. சான்று வேண்டுமாயின் இதை அச்சிடுக: “ஏய் பச்சை! வேடிக்கை பாக்காம அந்தப் பக்கம் புடி, கை வலிக்குது!”